பொன்விழா மலரின் அட்டைப்படம்

"அக்கா, நீங்க ஒன்னும் பேச வேணாம். கூடைய மாட்டிக்கிட்டு தங்கச்சி பக்கத்துல நில்லுங்க, போதும்."

கஜேந்திரன் கேமராவைத் தூக்கிப் பார்த்தான். பட்டமளிப்பு அங்கியில் தங்கை அம்சமாக இருந்தாள். இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள் அக்கா.

பல்கலைக்கழகத்தின் பொன்விழா மலர் நாளை அச்சுக்குப் போகிறது. எந்த அமைச்சர் எந்த மரக்கன்றை நட்டார் என்பது வரை ஐம்பது வருட வரலாறும் முந்நூறு பக்கத்தில் தயார். அட்டைப்படம்தான் பாக்கி. அது பிசகினால், தற்காலிக ஊழியனான கஜேந்திரன் நிரந்தர நியமனத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

உபவேந்தர் தலைப்பையே எழுதிக் கொடுத்திருந்தார்: 'கொழுந்துக் கூடையிலிருந்து முதல் வகுப்புப் பட்டம் வரை!' பழைய கோப்பில், முதல் வகுப்பில் தேறிய விஜயலெட்சுமி என்றொரு தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் விலாசம் அகப்பட்டது. அப்புத்தளையில் பஸ்ஸை விட்டிறங்கி, மூச்சு வாங்க மலையேறி தொழிலாளர் லயத்து வீட்டுக்கு வந்தால், அக்காவும் தங்கையும் வாசலிலேயே நின்றார்கள். போனும் கையுமாக நின்ற தங்கையின் முகத்தில் படித்த களை சொட்டியது. அங்கியை நீட்டினான்; அவளும் ஆசையாக வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

"சார், ஒரு விசயம்..." என்றாள் அக்கா.

"படம் எடுத்துட்டுப் பேசலாங்கக்கா. பனி மூடிட்டு வருது."

அவள் கையை நீட்டித் தங்கையின் கழுத்துப் பட்டியைப் புரட்டிவிட்டாள். "இது திரும்பிக் கெடக்கு சார். கலர்ப் பக்கம் வெளிய தெரியணும்."

பரவாயில்லையே, பட்டமளிப்பு விழாவுக்கு வந்து கவனித்திருக்கிறாள் என்று கஜேந்திரன் மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

"கொஞ்சம் சிரிங்கக்கா. இம்புட்டுக் கஷ்டத்துக்கும் பலன் கெடச்சிருச்சில்ல?"

அதைக் கேட்டதும் அவள் வாய்விட்டே சிரித்துவிட்டாள். படம் அபாரமாக விழுந்தது. நியமனக் கடிதமே கைக்கு வந்துவிட்டது போலிருந்தது அவனுக்கு.

குறிப்புப் புத்தகத்தை விரித்து, அங்கியைப் பார்த்துக் கேட்டான்.

"விஜயலெட்சுமி, இப்ப நீங்க என்ன வேல செய்றீங்க? படத்துக்குக் கீழ போடணும்."

தங்கை அக்காவின் பக்கம் திரும்பினாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு அக்காதான் பதில் சொன்னாள்.

"கொழுந்து பறிக்கிறேன் சார்."