அஞ்சு பீரியட்

டைம்டேபிளைப் பார்த்ததும் சங்கீதாவுக்கு பத்திக்கினு வந்துச்சு.

வாரத்துக்கு பதினோரு பீரியட் மேத்ஸ் எடுத்துக்கினு இருந்தாங்க. இப்போ பதினாறு. புதுசா வந்த அஞ்சும் சைக்காலஜி. பிரின்சிபால் ஆதிகேசவன் சார் இருபத்திரெண்டு வருஷமா யாருக்கும் விட்டுக் குடுக்காம எடுத்த பேப்பர் அது.

இப்போ அவர் பேருக்கு நேரா ஒண்ணுமே இல்ல. சுத்தமா சைபர்.

பிள்ளையார்பாளையம் தாண்டி இருக்கற சின்ன பி.எட். காலேஜ். நூறு சீட்டுல இந்த வருஷம் சேர்ந்தது அம்பத்திரெண்டு பேர்தான். வாத்தியாருங்கள்ல ஒருத்தருக்கு வேலை போகப் போகுதுன்னு ஜூன் மாசத்துலேர்ந்தே பேச்சு. கடைசியா வேலைக்குச் சேர்ந்தது சங்கீதா. அதனால பயமும் அவங்களுக்குத்தான் ஜாஸ்தி.

சயின்ஸ் எடுக்கற தினேஷ் தோளுக்குப் பின்னாடிலேர்ந்து எட்டிப் பார்த்தாரு. பிரின்சிபாலோட இன்னொரு பேப்பர்லேர்ந்து அவருக்கும் ரெண்டு பீரியட் வந்திருந்துச்சு.

"எனக்கு ரெண்டு, உங்களுக்கு அஞ்சு. சார் சம்பளத்தோட ரிட்டயர் ஆயிட்டாரு மேடம்."

"இது அது இல்ல சார். வெளிய போன்னு சொல்றதுக்கு வாய் வரல. தலைல ஏத்தினா தாங்காம நானே ஓடிடுவேன்னு பார்க்கறாரு."

நேரா போய்க் கேட்டுட்டாங்க. ஆதிகேசவன் நியூஸ் பேப்பர்லேர்ந்து கண்ணை எடுக்கவே இல்ல. வயசாயிடுச்சாம், தொண்டை ஒத்துக்கலையாம், சின்னப் பொண்ணு நீங்க எடுங்கம்மான்னாரு. அன்னிக்கு சாயங்காலமே அந்தத் தொண்டை வாட்ச்மேனைத் திட்டினது கேட் வரைக்கும் கேட்டுச்சு.

மூணு மாசம் நாக்கு தள்ளிப் போச்சு. ஐயம்பேட்டைலேர்ந்து வர்ற ஷேர் ஆட்டோல, நாலு பேர் நடுவுல நசுங்கிக்கினே சைக்காலஜி நோட்ஸ் படிப்பாங்க. காலைல கூரம் ஸ்கூல்ல டீச்சிங் பிராக்டிஸ் பார்க்கணும். மதியம் ஓடி வந்து பாடம் எடுக்கணும். மூச்சு வாங்க வகுப்புக்குள்ள நுழையறப்பல்லாம் ஆதிகேசவன் வராண்டால கையைப் பின்னாடி கட்டிக்கினு நடந்துக்கினு இருப்பாரு.

அக்டோபர்ல அடுத்த வருஷ பிளானிங் மீட்டிங். காலேஜ் கரஸ்பாண்டென்ட் குப்புசாமி நேர்லயே வர்றாருன்னு தெரிஞ்சுது. முந்தின நாள் சங்கீதா ஒரு லெட்டர் எழுதினாங்க.

'முதல்வர் தன் பாடத்தை என் தலையில் கட்டிவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். இப்படி ஒரு சோம்பேறியை நான் பார்த்ததில்லை. அந்த ஐந்து பீரியடையும் என்னிடமிருந்து எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

மடிச்சு ஆபீஸ் கிளார்க் வெங்கடேசன் கைல குடுத்தாங்க. கரஸ்பாண்டென்ட் பார்க்கற ஃபைல்ல வெச்சிடுங்க, பிரின்சிபாலுக்குத் தெரிய வேணாம்னு ரெண்டு வாட்டி சொன்னாங்க.

மீட்டிங்ல முதல்ல நாலு வருஷ கோர்ஸ் கொண்டு வரலாமான்னு பேசினாங்க. அப்புறம் எந்த ஸ்கூலுக்கு எத்தினி ஸ்டூடன்ட்ஸை அனுப்பறதுன்னு ஒரு மணி நேரம் போச்சு. பஜ்ஜி வந்துச்சு. அதுக்கப்புறம்தான் குப்புசாமி பேனாவை எடுத்தாரு. அவருக்கு மெயின் தொழில் பட்டுக்கடை.

"தறி ஓடலன்னா ஆள் எதுக்கு? அவ்வளவுதான்பா என் கணக்கு. வாரத்துக்கு பதினாறு பீரியட். அதுக்குக் கீழ இருக்கறவங்க வர்ற ஜூன்லேர்ந்து வேணாம். பிரின்சிபாலுக்கு ஆபீஸ் வேலை இருக்குது, அவருக்கு மட்டும் இது கிடையாது. டைம்டேபிள் போடறதுக்கு முன்னாடியே அவருக்கு லெட்டர் அனுப்பிட்டேன். மீட்டிங் வரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாதுன்னும் சொல்லியிருந்தேன்."

யாரும் பஜ்ஜியைத் தொடல.

பேனா லிஸ்ட்ல மெதுவா இறங்கிச்சு. தினேஷ் பதினாறு. அடுத்தவரு பதினேழு. அதுக்கடுத்தவங்க பதினாறு. கடைசில சங்கீதா. பதினாறு.

குப்புசாமி பேப்பரைத் திருப்பி பின்பக்கமும் பார்த்தாரு.

"என்னாய்யா இது, எல்லாருமே சரியா இருக்காங்க. சரி, யாரும் போக வேணாம். இருக்கறவங்க அப்படியே இருக்கட்டும்."

ரூமே மூச்சு விட்டுச்சு. தினேஷ் ஒரே கைல மூணு பஜ்ஜி எடுத்தாரு.

சங்கீதா மனசுக்குள்ள ஒரு கழித்தல் போட்டாங்க. பதினாறுல அஞ்சு போனா பதினொண்ணு. பிரின்சிபால் பக்கம் திரும்பினாங்க. அவர் எதிர் சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்துக்கினு இருந்தாரு.

அப்பதான் லெட்டர் ஞாபகம் வந்துச்சு. அஞ்சையும் எடுத்துடுங்கன்னு தன் கையாலயே எழுதி, கையெழுத்தும் போட்டுக் குடுத்த லெட்டர்.

குப்புசாமி ஃபைலைப் புரட்டிக்கினு இருந்தாரு. ஒரு வாட்டி முன்னாடி, ஒரு வாட்டி பின்னாடி.

"சங்கீதா மேடம் எனக்கு ஏதோ லெட்டர் குடுத்திருக்காங்கன்னு வெங்கடேசன் சொன்னாரே. இதுல காணோமே. என்னா மேடம் அது?"

சங்கீதா எழுந்து நின்னாங்க.

"நான்தான் எடுத்தேன் சார்," ஆதிகேசவன் காலண்டர்லேர்ந்து கண்ணை எடுத்தாரு. "ஒரு வரி விடாம படிச்சேன். லீவு கேட்டிருந்தாங்க. முடியாதுன்னுட்டேன்."