ஒளிய ஒரு மூலை

"நீங்க முதல்ல போங்க தம்பி. எனக்கு அவசரமில்ல."

வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு நடத்துநர் சொன்னது பச்சைப் பொய். ஓடும் பேருந்தில் ஒரு கூட்டத்தையே ஒற்றைக் குரலில் உள்ளே தள்ளுகிற பெண்மணி அவர். அவரைப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தது ஒரு கடைவாய்ப் பல். விசிலை வாயில் வைத்தாலே உயிர் போய் உயிர் வந்தது. விடுப்பு இன்றோடு சரி. பல்லைப் பிடுங்கினால்தான் நாளைக்கு வண்டியேற முடியும்.

அதற்காகத்தான் பல் மருத்துவமனைக்கு வந்திருந்தார். போன வாரம் பல்லை எக்ஸ்ரே எடுத்த பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், இன்று முதல் புது டாக்டர் என்று வரவேற்பு மேசைப் பெண் சொன்னாள். புதுக் கை எப்படிப்பட்டதோ, யார் கண்டது? காத்திருப்பு அறையில் அவரைத் தவிர ஒரே ஒரு இளைஞன்தான் இருந்தான். அவன் முதலில் உள்ளே போகட்டும், அலறல் கேட்டால் சத்தம் காட்டாமல் படியிறங்கிவிடலாம் என்று அவர் திட்டம் போட்டிருந்தார்.

அவன் நகர்ந்தால்தானே? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சுவரோரத்து மீன்தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தான். தொட்டியின் அடியில் நீலக் கூழாங்கற்களைத் தவிர வேறொன்றும் இல்லை. பெரிய ஆரஞ்சு மீன் ஒன்று, கோடுபோட்ட குட்டி மீனைத் துரத்துவதையே பிழைப்பாக வைத்திருந்தது. குட்டி மீன் நிறம் வெளுத்துப்போய், காற்றுக் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றது.

"பாவம்க்கா. ஒளியறதுக்கு ஒரு மூலைகூட இல்ல இதுக்கு" என்றான். அவன் முகமெல்லாம் வியர்வை.

ஜன்னலில் செடி காய்ந்து கிடந்த ஒரு குட்டி மண்சட்டியை எடுத்து, ஏற்கெனவே வெந்நீரில் ஊறப்போட்டிருந்தான். சோப்புப் போடக் கூடாதாம். மண் அதைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு தண்ணீரில் கக்குமாம். குழாய் வேலைக்காரர் விட்டுப்போன பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றும் கையில் இருந்தது. அதன் விளிம்பை உப்புத்தாளால் தேய்ப்பதும், விரல் நுனியால் சுற்றிலும் தடவிப் பார்ப்பதும், மறுபடி தேய்ப்பதுமாக இருந்தான்.

கடையில் அழகழகாகக் கோட்டை பொம்மை விற்கிறார்களே, ஒன்றை வாங்கிப் போட்டால் ஆகாதா என்று நடத்துநர் கேட்டார். சிலதில் சாயம் உரிந்து தண்ணீரில் கலக்கும், ஓரம் கூராக இருந்தால் மீனைக் கிழித்துவிடும், இதற்குக் காலணா செலவில்லை என்றான் அவன்.

"சார், உள்ள எல்லாம் தயாரா இருக்கு" என்று வரவேற்பு மேசையிலிருந்து குரல் வந்தது.

"இதோ, ஒரே நிமிஷம்" என்றவன் சட்டியின் அடித்துளையைப் பார்த்தான். குட்டி மீன் அதில் தலையை விட்டால் மாட்டிக்கொள்ளும் என்று, ஒரு கூழாங்கல்லைத் தேர்ந்தெடுத்து இறுக்கமாக அடைத்தான்.

நடத்துநருக்குச் சிரிப்பும் வந்தது, பரிதாபமும் வந்தது. பல்லுக்குப் பயந்து மீனுக்கு வீடு கட்டுகிறானே பிள்ளை.

"எந்தப் பல்லு தம்பி?"

"கீழ வலது பக்கம், கடைசிப் பல்லுக்கா. எக்ஸ்ரே படத்துல பார்த்தேன். வேர் வளைஞ்சு கிடக்கு. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

தனக்கும் அதே பல்தான் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் பையன் இன்னும் மிரண்டுவிடுவான் என்று விழுங்கிக்கொண்டார்.

"பயப்படாதீங்க. கண்ணை மூடிக்கிட்டா ஒரு நொடியில முடிஞ்சிரும்."

"ஐயோ, கண்ணை மட்டும் மூடவே கூடாதுக்கா" என்றான் அவன். பயந்தாலும் நெஞ்சுரம் உள்ள பிள்ளை என்று அவர் எண்ணிக்கொண்டார்.

சட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, உருளாதபடி பாதியைக் கற்களுக்குள் புதைத்தான். குழாய்த் துண்டை எதிர்மூலையில் கிடத்தினான். ஆரஞ்சு மீன் பாய்ந்து வந்தது. குட்டி மீன் சரேலென்று சட்டிக்குள் நுழைந்துகொண்டது. பெரியது வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேலையற்றுப் போய் ஒதுங்கியது. கொஞ்ச நேரத்தில் சட்டிக்குள்ளிருந்து ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்தது, பிறகு முழு மீனும் வெளியே வந்தது.

"ஒளிய ஒரு இடம் இருக்குன்னு தெரிஞ்சாப் போதும், தானா வெளிய வந்துரும்" என்று சொல்லிவிட்டு எழுந்தான். முழங்கை வரை கை கழுவினான். ஒரு பெருமூச்சு விட்டான். "நான் போறேன்க்கா."

"போங்க, போங்க. உள்ள போங்க" என்று பேருந்துக் குரலில் அனுப்பிவைத்தார் நடத்துநர்.

கதவு சாத்திக்கொண்டது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முனகல் இல்லை. அலறல் இல்லை. ஒரு சின்ன 'ஸ்' கூட இல்லை. அவ்வளவு பயந்தாங்கொள்ளியே சத்தமில்லாமல் பல்லைக் கொடுக்கிறான் என்றால் புது டாக்டருக்குத் தங்கமான கைதான். நடத்துநருக்கு உடம்பெல்லாம் தைரியம் பரவியது. பையைத் திரும்ப நாற்காலியில் வைத்தார்.

கதவு திறந்தது. வெள்ளை அங்கியும் கையுறையுமாக அந்த இளைஞன் எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, இன்னும் அங்கயே உட்கார்ந்திருக்கீங்க? நான் மட்டும் உள்ள வந்து யாரு பல்லைப் பிடுங்கறது?"