ஒரு லிட்டருக்குச் சாட்சி

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. வேண்டுமானால் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், உங்கள் தலையிலேயே. ஒட்டகம் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்ததற்கு நான்தான் சாட்சி. கையெழுத்தே போட்டிருக்கிறேன்.

உடலியல் இரண்டாம் ஆண்டு. உடம்பு தன்னிடம் உள்ள தண்ணீரை எப்படிக் கூடாமல் குறையாமல் வைத்துக்கொள்கிறது என்று பார்க்கும் செய்முறை. ஜோடி ஜோடியாகப் பிரிய வேண்டும். ஒருவன் வராந்தாவில் நின்று கால் மணி நேரத்தில் ஒரு லிட்டர் பாட்டிலைக் காலி செய்ய வேண்டும். மற்றவன் அதைப் பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். குடிக்குமுன் ஒரு தடவை, குடித்தபின் ஒரு தடவை எடை பார்ப்பார்கள். அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு, அரை மணிக்கொரு தரம் அளவு ஜாடியோடு கழிப்பறைக்குப் போய்வர வேண்டியதுதான்.

சாட்சிக் கையெழுத்தை நாங்கள் முந்தின நாளே போட்டு வைத்துவிடுவோம். நாளைய வேலையை இன்றே முடிக்கும் நல்ல பிள்ளைகள்.

என் ஜோடி ஒட்டகம். கழிப்பறைக் கதவுக்கு வெளியே ஆள் நின்றால் அவனுக்கு ஒன்றும் வராது. காலையில் வந்தவன் மாலை வீடு போகும்வரை அடக்கிக்கொண்டே இருப்பான். அதனால் வந்த பெயர். இதே செய்முறையில் இரண்டு தடவை ஒரு லிட்டரையும் குடித்துவிட்டு, முடியாமல் ஜாடியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியவன். மூன்றாம் தடவையும் தேறாவிட்டால் படிப்பு போதும், மாமாவின் டயர் கடையில் பஞ்சர் ஒட்டட்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

பேராசிரியரைக் கிட்னி சார் என்போம். இருபத்தாறு வருடமாகச் சிறுநீரகத்தைப் பற்றி மட்டுமே பேசியவர். ஏதாவது ஒரு நோய்க்குத் தன் பெயரை வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. ஆய்வகத்தில் வெள்ளைக் கோட்டை யாரும் கழற்றக்கூடாது என்பது அவருடைய ஒரே சட்டம், எடை மெஷினில் ஏறும்போதுகூட.

அன்று மின்விசிறி ஓடவில்லை. எல்லோரும் பொத்தான்களை அவிழ்த்துவிட்டுக்கொண்டு முனகினார்கள். ஒட்டகம் மட்டும் கழுத்துவரை பூட்டிக்கொண்டு சாமியார்போல் உட்கார்ந்திருந்தான். குடிக்குமுன் அவன் எடை ஐம்பத்தெட்டு கிலோ, குடித்தபின் ஐம்பத்தொன்பது.

அரை மணியில் அருவி என்பவன் முந்நூறு மில்லி கொண்டுவந்து வைத்தான். அவன் பெயர்க்காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஒட்டகத்தின் ஜாடி காய்ந்து கிடந்தது. ஒரு மணி நேரம் ஆனபோது அருவி பெரிய ஜாடி கேட்டான். ஒட்டகத்தின் ஜாடிக்குள் ஓர் ஈ போய் இளைப்பாறிக்கொண்டிருந்தது.

ஒன்றரை மணி நேரமானதும் கிட்னி சார் அவனை மறுபடி மெஷினில் ஏற்றினார். முள் ஐம்பத்தொன்பதிலேயே நின்றது. சார் குனிந்து முள்ளை இன்னொரு தடவை பார்த்தார். போன தண்ணீர் போனதுதான், ஒரு சொட்டு திரும்பவில்லை. உலகத்தில் எந்த உடம்பும் செய்யாத காரியம். கரும்பலகையில் தன் பெயரை எழுதி, பக்கத்தில் ‘நோய்’ என்று சேர்த்து, இரண்டடி தள்ளி நின்று அழகு பார்த்தார்.

அப்போதுதான் ஒட்டகம் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு மெல்லக் கேட்டான்.

“சார், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

சார் துள்ளிக் குதிக்காத குறை. ஒரு லிட்டர் உள்ளே இருக்கும்போதே தாகம் என்றால், மூளைக்கே சேதி போகவில்லை. அதையும் குறித்துக்கொண்டார். கையோடு பக்கத்து மருத்துவமனையிலிருந்து ஒரு டியூப் வரவழைத்துப் போட்டு, உள்ளே தேங்கி நிற்பதை இறக்கி அளந்துவிடலாம் என்றார்.

டியூப் என்றதும் ஒட்டகம் பதறி எழுந்தான். கோட்டுப் பை மேஜை விளிம்பில் மாட்டிக் கிழிந்தது. தளும்பத் தளும்பத் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் பாட்டில் விழுந்து, உருண்டு, சாரின் செருப்பில் முட்டி நின்றது.

“அது வேற பாட்டில் சார்,” என்றான் ஒட்டகம். “பஸ்ல குடிக்க வச்சிருந்தேன். பையில இருந்ததே மறந்துபோச்சு. நான் முழுசா குடிச்சத என் ஜோடி பார்த்தான் சார். கையெழுத்தே இருக்கு.”

சாருக்கும் அதை நம்பத்தான் ஆசை. ஒரு பக்கம் அவருடைய நோய், இன்னொரு பக்கம் டயர் கடை, நடுவில் என் ஒரு வார்த்தை. வெடுக்கென்று தாளை எடுத்துப் பார்த்தார். தேதி இருந்தது, நேரம் இருந்தது, ‘கடைசிச் சொட்டுவரை என் கண்ணால் பார்த்தேன்’ என்று இருந்தது, அதன் கீழே என் கையெழுத்தும் இருந்தது. கச்சிதம்.

“எங்கப்பா இந்தச் சாட்சி? எந்திரி,” என்றார்.

வகுப்பே என் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தது. அருவிதான் பதில் சொன்னான்.

“அவனுக்கு ராத்திரிலேருந்து வயித்துப்போக்கு சார். இன்னைக்குக் காலேஜுக்கே வரல.”