ரிலே காணோம்

"லீக்குதான். வேற என்னவா இருக்கும்?" என்றார் மாமனார், மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே.

குடிநீர்க் குழாய்களோடு மல்லுக்கட்டியே ஓய்வு பெற்றவர். உலகத்தில் எந்தக் கோளாறும் அவருக்கு லீக்தான். போன மாதம் மகளுக்கு வந்த தலைவலி உட்பட.

மாப்பிள்ளையான பெயிண்ட் கடைக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பழைய பிக்கப்பின் ஏசி ஏன் ஓடவில்லை என்று அவருக்குத்தான் தெரியுமே. கம்ப்ரெஸருக்குக் கரண்ட் கொடுக்கும், தீப்பெட்டி அளவுகூட இல்லாத ரிலேயைப் பிடுங்கி ஒளித்து வைத்தவரே அவர்தான்.

கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. டெலிவரிக்குக் கிளம்பினால் மாமனாரும் துணைக்கென்று ஏறிக்கொள்வார். ஏசி போட்டால் கண்ணாடியை மூட வேண்டும். கண்ணாடியை மூடினால் மாமனார் வாயைத் திறப்பார். மூத்த மாப்பிள்ளை கட்டிய வீடு, மூத்த மாப்பிள்ளையின் சாமர்த்தியம், மூத்த மாப்பிள்ளை ரிவர்ஸ் எடுக்கும் அழகு...

ஏசி படுத்ததும் கண்ணாடிகள் இறங்கின. காற்றும் இஞ்சினும் போட்ட இரைச்சலில் மாமனாரின் உதடுகள் மட்டும் அசைந்தன. தலையை ஆட்டினால் போதும். கல்யாணத்துக்குப் பிறகு கடைக்காரர் இவ்வளவு நிம்மதியாக வண்டி ஓட்டியதில்லை.

அந்த நிம்மதிக்குத்தான் இப்போது ஆபத்து. ஏசியைச் சரிபார்த்தே ஆக வேண்டும் என்று மாமனார் பிடிவாதமாக வண்டியை இந்தப் பட்டறைக்குத் திருப்ப வைத்துவிட்டார்.

மெக்கானிக் கேஜை மாட்டினார். கேஸ் அழுத்தம் சரியாக இருந்தது. குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவினார். ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை.

"நுரை பத்தாது தம்பி" என்றார் முன்சீட்டில் இருந்த மாமனார்.

மெக்கானிக் இஞ்சினை ஓடவிட்டு, அவரையே ஏசி பட்டனை அழுத்தச் சொன்னார். கம்ப்ரெஸரில் 'டக்' என்று விழ வேண்டிய சத்தம் விழவில்லை. உடனே ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

வரிசையாக உட்கார்ந்திருந்த ரிலேக்களுக்கு நடுவே, பல் விழுந்த இடம் மாதிரி ஓர் ஓட்டை.

கடைக்காரருக்கு வியர்த்தது. மாமனாருக்கும் வியர்த்தது, அது வெயிலால்.

மெக்கானிக் ஓட்டையைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார். ஜன்னல் வழியே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த மாமனாரைப் பார்த்தார்.

"என்ன தம்பி, லீக்தானே?"

மெக்கானிக் மூடியை அழுத்திச் சாத்தினார்.

"கரெக்டா சொன்னீங்க ஐயா. பெரிய லீக். இந்த மாடலுக்கு இனிமே பார்ட்ஸே வராது. கண்ணாடியை இறக்கிட்டு ஓட்டுறதுதான் இஞ்சினுக்கே நல்லது."

மாமனாரின் முகம் பூரித்தது. "கேட்டீங்களா மாப்ளே?"

கடைக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முன்பின் தெரியாத மனுஷன், வந்த வேலையையும் கைநழுவ விட்டு, எதற்காக இப்படிக் கூசாமல் புளுகுகிறார்?

கேட்டுவிட வாயெடுத்தார். அதற்குள் பட்டறையின் உள்ளறையிலிருந்து நாற்காலி நகரும் சத்தம். கூடவே ஒரு கனத்த குரல்.

"மாப்ளே! என்ன கோளாறுன்னு நான் வந்து பாக்கட்டுமா?"

"வேணாம் மாமா!" என்றார்கள் கடைக்காரரும் மெக்கானிக்கும், ஒரே குரலில்.