நான்கு தக்கைகள்

மீன்பிடிக்க ஆசைப்படுகிறவர்களை வாடகைக்குக் கடலுக்குள் கூட்டிப்போகிற படகு அது. படகுக்காரர் ஓட்டுவார், அவர் மனைவி தூண்டில்களைப் பார்த்துக்கொள்வாள். வீடு திரும்பும் நேரம் வந்தால், தூண்டில் முள் யார் கையிலும் ஏறிவிடக்கூடாதென்று, தக்கையைப் பல்லால் கடித்துத் துண்டாக்கி ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் செருகிவிடுவாள். போன வருடம் அவள் படகிலிருந்து கடலில் தவறி விழுந்தாள். உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வேலைக்கு மகள் வந்தாள். யார் வாடகைக்கு வந்தாலும் படகுக்காரர் அவள் விழுந்த இடத்தையே இருட்டும்வரை சுற்றினார்.

"இன்னைக்காவது வெளிச்சத்தோட வீட்டுக்குப் போலாம்பா. அம்மாதான் போயிட்டாங்க. நீங்களும் இங்கயே கிடந்தா எனக்கு யாரு இருக்கா?"

"ஒரு மீன் கடிக்கட்டும்மா, கிளம்பிடலாம்."

வாடகைக்கு வந்தவர் சிரித்தார். "என்னைப் பார்த்தா என் பொண்டாட்டியே ஓடுவா, மீனா நிக்கும்?"

உச்சி வெயிலில் ஒரு தூண்டில் வளைந்தது. படகுக்காரர் சுற்றி இழுத்தார். மீன் இல்லை. முள்ளின் நுனியில் ஒரு தக்கைத் துண்டு இருந்தது. மகளைப் பார்த்தார்.

"நான் வைக்கலப்பா."

மற்ற மூன்றையும் இழுத்தார்கள். மூன்றிலும் தக்கை. ஓரங்களில் பல் பட்ட தடம்.

"என்னங்க இது?" என்றார் வந்தவர்.

"இன்னைக்கு அவ்வளவுதாங்க. வீட்டுக்குப் போகச் சொல்லியாச்சு."

படகைக் கரைப் பக்கம் திருப்பினார். மகள் தூண்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தக்கைகளை மட்டும் யாரும் கழற்றவில்லை.