இரண்டாம் பத்தியின் முதல் வரி

“அந்தப் பக்கத்துல கை வெச்சா, கரண்டைப் புடுங்கிப் போடுவேனுங்க!”

தோட்டத் தொழிலாளி மாதையன் கணினியின் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றார். ஏற்காட்டு காப்பி எஸ்டேட் அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தனர்.

“தள்ளி நில்லுங்க,” என்றார் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் எல்வின். “சித்தனுக்கு ஊடு ஒதுக்கவே இல்லைன்னு சேலம் ஹெட் ஆபீஸ்ல இருந்து இப்பத்தான் போன் வந்துச்சு. கண்ணு, நீ திருத்து.”

எஸ்டேட்டின் இணையதளத்தில் வீடு கேட்ட தொழிலாளர்கள் எல்லோரின் பட்டியலை, செய்தித்தாள் போல இரண்டு பத்திகளாக அமைத்தவள், கணினி முன் உட்கார்ந்திருந்த ஹேமலதா. வீடு கிடைத்தவரின் பெயருக்குக் கீழே வீட்டு எண் வர வேண்டும். இரண்டாம் பத்தியின் உச்சியிலோ, மேலே பெயரே இல்லாமல் ‘வீடு எண் 7’ என்று நின்றது. அடுத்திருந்த பெயர் சித்தன். வீடு அவருக்குத்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டனர்.

“பத்தி பிரியும்போது பேரும் எண்ணும் ஒட்டியே இருக்கணும்னு, பக்க அமைப்புக்கான ஸ்டைல் ஷீட்டுல சொல்லாம விட்டுட்டேன் சார். ஒரு வரி சேத்தாப் போதும்.”

“நாளைக்குச் சாவி குடுத்துருவாங்க. அப்பறமா சேத்துக்க சாமி,” என்றார் மாதையன்.

எல்வினின் முகம் இறுகியது. “சித்தன் உங்க தங்கச்சி புருசன்தானுங்களே?”

“ஆமாங்க.”

“எண் தப்பா நிக்கறது உங்களுக்குத் தெரியுமா?”

“பாத்த அன்னிக்கே தெரியுமுங்க.”

“கேட்டுக்கங்க எல்லாரும்! ஏனுங்க, எவனோ ஒருத்தன் இருவது வருசம் காப்பி பறிச்சு வாங்கின ஊடு. அதை மச்சானுக்குத் தள்ளிவிட வெக்கமா இல்லீங்களா?”

“சித்தன் ஊட்டுக் கூரை மழையில உழுந்துருச்சுங்க. தங்கச்சி கைக்கொழந்தையோட மாட்டுக் கொட்டாய்ல கெடக்கறா.”

“அதுக்கு அடுத்தவன் ஊடா? அந்த ஆளு வந்து கேட்டா?”

“கேக்க மாட்டானுங்க.”

“ஓகோ! அவன்கிட்டக் கையெழுத்தே வாங்கிட்டீங்களாட்டம் இருக்குது!”

அறையில் சிலர் சிரித்தனர். மாதையன் தலைகுனிந்தார், ஆனால் நகரவில்லை. எல்வின் அவருடைய தோளைப் பிடித்து விலக்கினார்.

ஹேமலதா அந்த ஒரு வரியைச் சேர்த்தாள்.

முதல் பத்தியின் அடியில் தனித்துக் கிடந்த பெயர் அங்கிருந்து மறைந்து, இரண்டாம் பத்தியின் உச்சியில், ‘வீடு எண் 7’க்கு மேலே வந்து நின்றது.

மாதையன்.