எதிர்க்கடையில் முடியாதது

கலைப்பிரியாவின் கடைக்குள் இன்னொரு மாட்டுக்காரர் நுழைவதைப் பார்த்ததும் ஜெகதீசனுக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? திண்டிவனத்தில் இருபது வருஷமாக ஸ்டூடியோ நடத்துகிறவர். மவுஸை எந்தக் கையில் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் இவரிடம் வேலைக்கு வந்த பெண் அவள். எல்லாவற்றையும் இங்கே கற்றுக்கொண்டு, போன வருஷம் நேர் எதிரிலேயே கடை போட்டுவிட்டாள். போட்டதோடு விட்டாளா, ஓஹோவென்று வேறு நடத்துகிறாள்.

அதுவும் மாட்டுப் பொங்கல் முடிந்த வாரம். ஜனங்கள் இருட்டின பிறகு பூஜை போட்டு, செல்போனில் ஃபிளாஷ் அடித்து மாட்டையும் நாயையும் படம் பிடித்து வைத்திருப்பார்கள். ஆசையாக வளர்த்த பசுவுக்குக் கண் இரண்டும் பச்சையாக ஜொலிக்கும். பேய் மாதிரி இருப்பதை யார் ஃபிரேம் போட்டு மாட்டுவார்கள்? கண்ணைச் சரி பண்ணிக் கொடுங்கள் என்று ஸ்டூடியோவுக்கு வருவார்கள்.

ஜெகதீசனும் சரி பண்ணத்தான் செய்தார். மனுஷனுக்கு வைக்கிற மாதிரி வட்டமாகக் கறுப்பு வைப்பார். மாடு பேந்தப் பேந்த முழிக்கும். அவளோ மாட்டுக்கு நீளவாட்டில் மாட்டுக் கண்ணாகவே வைத்தாள். கூட்டம் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது.

அன்றைக்கு மத்தியானம் ஓர் அதிசயம் நடந்தது. எதிர்க்கடையிலிருந்து ஒருவர் கோபமாக இறங்கி இவர் கடைக்கு வந்தார். மேல்சித்தாமூர் பக்கத்து விவசாயி, பேர் விருத்தாசலம். கையில் இருந்த படத்தை டேபிள் மேல் வைத்தார்.

அவருடைய மூன்று வயசு மகள் ஆர்த்தி, மஞ்சள் குங்குமம் வைத்த நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். பொய் சொல்லக்கூடாது, நாயின் கண் அம்சமாக இருந்தது. குழந்தையின் கண்ணைத்தான் தொடவே இல்லை. ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை.

"நாயி கண்ணு பண்ணத் தெரியுது, எம்புள்ள கண்ணு பண்ணமாட்டாளாம். கேட்டா, புள்ளயோட அம்மாவையும் புள்ளயையும் கூட்டிக்கினு வா, அப்பத்தான் பேசுவேன்றா. மல்லாட்டைக் கொல்லையில களை வெட்டுற நேரத்துல குடும்பத்தோட வந்து இவ கடையில நிக்கணுமாங்க?"

ஜெகதீசனுக்குக் காதில் தேன் பாய்ந்தது. நாலு பேர் நல்லா இருக்குன்னு சொன்னதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்றார். நம்மகிட்ட வேலை பார்த்த பொண்ணுதான், அப்பவே அப்படித்தான் என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டார். வாட்ஸ்அப்பில் படத்தை வாங்கி, டீ வருவதற்குள் குழந்தையின் கண் இரண்டையும் கறுகறுவென்று ஆக்கிவிட்டார். விருத்தாசலம் மனசு நிறைந்து ஃபிரேமை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போனதும் ஜெகதீசன் சும்மா இருக்கவில்லை. அவர் விட்டுவிட்டுப் போன அவள் படத்தையும் தன்னுடைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கண்ணாடிக் கதவில் ஒட்டினார். கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: 'எதிர்க்கடையில் முடியாதது இங்கே முடியும்.' ஒட்டிவிட்டு ரோட்டுக்கு இறங்கி நின்று ஒருதரம் படித்தும் பார்த்தார். அப்படி ஓர் ஆனந்தம்.

சாயங்காலம் கலைப்பிரியா ரோட்டைத் தாண்டி வருவது தெரிந்தது. வா, வா என்று ஜெகதீசன் சண்டைக்குத் தயாரானார். அவள் கதவில் இருந்த எழுத்தைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. படத்தைத்தான் பார்த்தாள்.

"அண்ணா, இவரு நம்பர் உங்ககிட்ட இருக்கா? எங்கிட்ட நம்பர் குடுக்காமலே கோவிச்சுக்கினு போய்ட்டாரு."

"எதுக்கு? கஸ்டமரைத் திருப்பி இழுக்கவா?"

"அந்தப் புள்ள கண்ணை டாக்டர்கிட்ட காட்டணும்ண்ணா. பெத்தவரு முகத்தைப் பாத்து சொல்ல எனக்கு வாய் வரல. அவங்க அம்மா வந்தா பக்குவமா சொல்லலாம்னு இருந்தேன்."

ஜெகதீசன் சிரித்தேவிட்டார். ஃபிளாஷ் அடித்தால் யார் கண்தான் மின்னாது, அந்த நாய்க்கு மின்னவில்லையா என்று கேட்டார்.

"நாய்க்கு மின்னும். நமக்குச் சிவக்கும். புள்ளைக்கு ஒத்தக் கண்ணு வெள்ளையா வந்தா உள்ள கட்டி இருக்கலாம், உடனே காட்டணும்னு விழுப்புரத்துல கண் டாக்டர் சொன்னாரு." உள்ளே இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "எங்க அக்கா பையன் முயல்குட்டியை வச்சிக்கினு இருப்பானே, அந்தப் படத்துக்கு நான் இங்கதான் கண்ணு போட்டேன். சூப்பரா வந்திருக்குன்னு நீங்களும் சொன்னீங்க. வெள்ளை மறைஞ்சுட்டுது, நாங்களும் ஃபிரேம் போட்டு மாட்டிட்டோம். டாக்டர்கிட்ட போறதுக்குள்ள ரொம்ப நாள் ஆயிட்டுது. அவனுக்கு இப்ப ஒரு கண்ணுதாண்ணா."

ஜெகதீசனுக்கு அந்தப் படம் ஞாபகம் இருந்தது. வெள்ளை முயலின் சிவப்புக் கண்ணைக்கூட எப்படி மாற்றுவது என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

எழுந்து போய்க் கதவில் இருந்த தன்னுடைய படத்தைக் கிழித்தார். அந்த வரியையும் கிழித்தார். போனை எடுத்து நம்பரைப் போட்டார்.

"விருத்தாசலம், நான் குடுத்த படத்தை மாட்டாதீங்க. அம்மாவையும் புள்ளயையும் கூட்டிக்கினு ஜல்தியா வாங்க. என் கடைக்கு இல்லீங்க, எதிர்க்கடைக்கு. அந்தப் பொண்ணு குடுத்ததுதான் சரியான படம்."